அறுந்துபோன பெல்ட்

சென்ற மாதம் ஒரு நகராட்சியின் நுண் உரக்கூடத்துக்குப் போயிருந்தேன். காய்கறிக் கழிவை நறுக்கும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தூய்மைப் பணியாளர் ஒருவர் தரையில் உட்கார்ந்து வாழைத்தண்டை அரிவாளால் கொத்திக்கொண்டிருந்தார். முழுசாகப் போட்டால் மக்காது, அழுகி நாறும், தெருக்காரர்கள் மனு எழுதுவார்கள் என்றார். ஏற்கெனவே இரண்டு மனு வந்துவிட்டதாம். பெல்ட் பெரிய விலையில்லை. ஆனால் அதை எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்குவது என்ற கேள்வியோடு கோப்பு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூடம் கட்டப் பணம் இருந்தது. அதை ஓட்ட யாரும் பணம் ஒதுக்கவில்லை.

மழைநீர் சேகரிப்பிலும் இதைத்தான் பார்த்தோம். 2003இல் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது தமிழகம். ஊர் ஊராகக் குழி தோண்டினார்கள். வேறு எந்த மாநிலமும் அவ்வளவு வேகத்தில் செய்ததாக எனக்கு நினைவில்லை. இன்றும் கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தில் அந்தக் குழியைப் பார்க்கிறோம். அதன் பிறகு மூடியைத் திறந்து, ஜல்லியில் வண்டல் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

குப்பைக்கு வருவோம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரலில் வந்தன. ஒரு வருடத்துக்குள் உள்ளாட்சிகள் துணைவிதிகள் இயற்ற வேண்டும் என்றன. அதே ஆண்டு அக்டோபரில் நம் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். அவர்களில் பலர் நன்றாகவே உழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரிப்பது ஒரு பழக்கம். “அக்கா, இதைத் தனியா வைங்க” என்று வாசலில் நின்று தினமும் சொல்ல வேண்டும். சொல்பவர் நாளை ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர் என்றால் அந்தப் பேச்சுக்கு வேறு கனம் உண்டு. அந்தப் பாரத்தைப் பரப்புரையாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் தனியாகச் சுமந்தார்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் தனி அலுவலர்கள் கைக்குப் போனதை நான் கவலையோடு பார்ப்பது இதனால்தான்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சியை உள்ளாட்சித் துறையில் அறியாதவர் குறைவு. 2006இல் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிய ஊராட்சி அது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் வந்த மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. தலைவராக இருந்த சண்முகம் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் சுற்றுச்சூழலுக்கு வந்தார். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது ஊராட்சி. காற்றாலை நின்றால் வரவு குறையும். அதனால் அது ஓடுகிறதா என்று பார்க்க ஆள் இருந்தார்கள். எல்லா ஊருக்கும் காற்று கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் இப்படி வலிக்கும் செலவு ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கினால் திட்டத்துக்கு ஒரு காவலாள் கிடைத்துவிடுகிறார்.

ஆணையர்களிடமும் செயல் அலுவலர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வரும் வரவுசெலவுத் திட்டத்தில், சுற்றுச்சூழல் சார்ந்து எந்தத் தீர்மானத்தை மன்றத்தில் வைத்தாலும் கூடவே அரைப்பக்கம் இணையுங்கள்: வருடத்துக்கு நடைமுறைச் செலவு எவ்வளவு, எந்தத் தலைப்பில், எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு. பெல்ட் போன்ற சில்லறைச் செலவைத் துப்புரவு ஆய்வாளரே செய்துகொள்ள முன்பண அனுமதியும் கொடுங்கள். அந்தப் பணியாளர் அரிவாளைக் கீழே வைக்கட்டும்.