உருகிய பியூஸ் உரைக்கும் உண்மை



கல்லூரியில் நான் பயின்றது வரலாறு, மின்னியல் அன்று. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. ஆயினும் இம்மாதம் வண்டியின் பியூஸைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் செய்த பிழையை உங்களில் ஒருவரும் செய்துவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

எங்கள் தாயில்பட்டியில் என் மச்சான் ஒரு பழைய வேன் வைத்திருக்கிறார். வார நாட்களில் அது பட்டாசு ஆலைக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும். விடுமுறையில் குடும்பத்திற்கு உதவும். இரவுச் சாலையில் வெளிச்சம் போதவில்லை என்று முன்புறம் இரண்டு கூடுதல் விளக்குகளைப் பொருத்தினார். அன்று முதல் பியூஸ் போகத் தொடங்கிற்று. இருமுறை மாற்றினோம். மூன்றாம் முறை, ராஜபாளையத்தில் ஒரு நிக்காஹ் முடிந்து திரும்பும் வழியில் மீண்டும் போயிற்று. கைவசம் வேறு பியூஸ் இல்லை. "மச்சான், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லி, மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாளை அதன்மேல் சுற்றிச் செருகியவன் நானே.

விளக்கு எரிந்தது. சற்றுத் தொலைவு சென்றதும் ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, மச்சான் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். அல்லாஹ்வின் அருளால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் மறுநாள் காலை அதே வேனில், ஆடையில் மருந்துத் தூள் படிந்த தொழிலாளர் அமர்ந்திருப்பார்களே என்று எண்ணியபோது எனக்கு உறக்கம் வரவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த பகுதி இது. ஒரு பொறியின் வலிமையை எங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்ட ஒரு கண்ணி. அளவுக்கு மீறிய மின்சாரம் பாயும்போது, வயர் எரிவதற்கு முன் தான் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அந்த இடத்தில் வெள்ளித்தாளையோ பெரிய பியூஸையோ வைத்தால், எரியும் பொறுப்பு வயருக்குப் போய்விடும்.

மறுநாள் வண்டியைச் சோதித்த மின்பணியாளர் முதலில் கேட்ட கேள்வி, "எப்போது போகிறது?" என்பதே. ஸ்விட்சைப் போட்டவுடன் போனால், வயர் எங்கோ வண்டியின் இரும்பைத் தொடுகிறது. சற்று நேரம் எரிந்தபின் போனால், சுமை மிகுதி. பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் போனால், உராய்ந்து தோல் உரிந்த வயர் இருக்கிறது.

எங்கள் வண்டியில் இரு குற்றங்கள் இருந்தன. முதலாவது சுமை. கணக்கு எளிது: வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு 110 வாட். 12 வோல்டால் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர். அவற்றைச் சிறு விளக்குகளின் வயரோடு இணைத்திருந்தார்கள். அந்தச் சிறு விளக்குகளோ முன்னரே சுமார் 3 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தன. 10 ஆம்பியர் பியூஸ் 12 ஆம்பியரை எத்தனை நேரம் தாங்கும்? இரண்டாவது, இரும்புத் தகட்டின் துளை வழியே ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு அதன் தோலை அறுத்திருந்தது.

அந்த இடத்தை அவர் கண்டுபிடித்த முறை வியப்புக்குரியது. கூடுதல் விளக்குகளின் இணைப்பையும் அந்த வழியிலுள்ள மற்றச் சிறு விளக்குகளின் இணைப்பையும் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணைத்து ஸ்விட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் வயர் இரும்பைத் தொடுகிறது. பின் வயரை ஆங்காங்கே அசைத்துக்கொண்டே வந்தார். தகட்டின் துளையருகே அசைத்தபோது பல்பு அணைந்தது. குற்றவாளி அகப்பட்டான்! பியூஸ் ஒன்றும் வீணாகவில்லை.

சீரமைத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். புதிய விளக்குகளுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர், 2.5 சதுர மில்லிமீட்டர் கனத்தில். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் பியூஸ். தொலைவில் வைத்தால் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. ஸ்விட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்கும். பெரும் மின்சாரம் ரிலே வழியே செல்லும். துளைகளில் ரப்பர் வளையம். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். தகட்டு வடிவப் பியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைச் செருகுவது வெள்ளித்தாளுக்கு உடன்பிறப்பு. எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரமே எடுத்தாலும் அவற்றுக்கும் தனிப் பியூஸ் வேண்டும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நானோ கார்கள் சில தீப்பற்றியதை ஆராய்ந்த டாட்டா நிறுவனம், வெளியில் பொருத்தப்பட்ட கூடுதல் மின்சாதனங்களையும் காரணங்களுள் ஒன்றாக 2010இல் குறிப்பிட்டது.

வாசகர்களே! மீண்டும் மீண்டும் உருகும் பியூஸ் நம்மைத் தொல்லைப்படுத்தவில்லை; எச்சரிக்கிறது. எச்சரிப்பவனின் வாயை அடைப்பதால் ஆபத்து அகலுவதில்லை. இன்றே உங்கள் வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் வெள்ளித்தாளோ கம்பித்துண்டோ இருக்குமானால், நாளைய பயணத்திற்கு முன் அகற்றிவிடுங்கள். அந்த வண்டியில் அமரப்போவது உங்கள் பிள்ளைகளாகவும் இருக்கலாம். கூலிக்குச் செல்லும் யாரோ ஒரு தாயாகவும் இருக்கலாம்.