வசந்தம் முந்துகிறது, வாத்துகள் பிந்துகின்றன: ஆர்க்டிக்கில் டைமிங் தவறுவது ஏன்?

ரஷ்யாவின் வடகோடியில், பேரண்ட்ஸ் கடலை ஒட்டிய பகுதிகளில் இப்போது முன்பைவிட சீக்கிரமே பனி உருகுகிறது. பனி சீக்கிரம் உருகினால் புல்லும் சீக்கிரம் முளைக்கும். அங்கே போய் முட்டையிடும் வாத்துகளுக்கு இது நல்ல செய்திதானே என்று தோன்றலாம். ஆனால், அந்தப் புல்லை நம்பிப் பிறக்கும் குஞ்சுகளுக்கு இதுவே சிக்கலாகிவிட்டது. பிரச்சினை உணவில் இல்லை, டைமிங்கில்!

யார் இந்த வாத்துகள்?

பெயர் பார்னக்கிள் வாத்து. ஆங்கிலத்தில் 'கூஸ்' என்று சொல்லப்படும் பெரிய வகை வாத்துகளில் ஒன்று. வெள்ளை முகம், கறுப்புக் கழுத்து. குளிர்காலத்தை நெதர்லாந்து, ஜெர்மனி கடலோரப் புல்வெளிகளில் கழிக்கும். வசந்தம் வந்ததும் பால்டிக் கடல், வெண்கடல் வழியாக 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ரஷ்ய ஆர்க்டிக்கில் கூடு கட்டும்.

வழியில் ஆங்காங்கே இறங்கித் தின்றுவிட்டுத்தான் போகும். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒவ்வோர் ஊராகப் பச்சை பிடித்துக்கொண்டே போகும் இல்லையா? அந்தப் 'பச்சை அலை'யின் பின்னாலேயே பயணிப்பதுதான் இவற்றின் வழக்கம்.

டைமிங் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒரு பெண் வாத்து நாலைந்து முட்டைகள் இட்டு, சுமார் 25 நாட்கள் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுக்குத் தாய் ஊட்டிவிடாது. பிறந்த ஓரிரு நாளிலேயே அது தானாக நடந்துபோய்ப் புல் மேய வேண்டும். சுமார் ஆறு வாரத்துக்குள் பறக்கும் அளவுக்கு வளர வேண்டும். இல்லையென்றால் குளிர் திரும்புவதற்குள் கிளம்ப முடியாது.

இங்கேதான் புல்லின் தரம் முக்கியமாகிறது. இளங்கீரைக்கும் முற்றிய கீரைக்கும் உள்ள வித்தியாசம் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். ஆர்க்டிக் புல்லும் அப்படித்தான். முளைத்த புதிதில் புரதம் அதிகம், நார் குறைவு. நாளாக நாளாகப் புரதம் குறைந்து, நார் ஏறிவிடும். அந்த இளம்புல் கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே. குஞ்சு பொரிவதும் இளம்புல் கிடைப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

கணக்கு எங்கே தப்புகிறது?

உலகச் சராசரியைவிட ஆர்க்டிக் சுமார் நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது என்கிறது 2022-ல் வெளியான ஓர் ஆய்வு. இது 1979 முதலான பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. ஆக, நெதர்லாந்தில் வசந்தம் முந்துவதைவிட ஆர்க்டிக்கில் அது அதிகமாக முந்துகிறது.

நெதர்லாந்து சூழலியல் நிறுவனத்தின் தாமஸ் லாமெரிஸும் சக ஆய்வாளர்களும் பார்னக்கிள் வாத்துகளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2018-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியாகின. வசந்தம் முந்தும் ஆண்டுகளில் வாத்துகள் சும்மா இருக்கவில்லை. வழியில் நின்று தின்னும் இடங்களைக் குறைத்துக்கொண்டு வேகமாகப் பறந்தன. பச்சை அலையையே முந்திக்கொண்டு ஆர்க்டிக்குக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தன.

ஆனால், அதே அளவுக்கு முன்கூட்டி முட்டையிட முடியவில்லை.

சீக்கிரம் போயும் ஏன் லேட்?

முட்டையிடவும் அடைகாக்கவும் உடம்பில் கொழுப்பும் புரதமும் சேர்ந்திருக்க வேண்டும். வழக்கமாக, வழியில் நின்று தின்றதெல்லாம் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டுச்சோறு மாதிரி. அவசரத்தில் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பினால், போன இடத்தில்தான் அடுப்பு மூட்டியாக வேண்டும். அதேதான் இங்கேயும். வழியில் மிச்சம் பிடித்த நாட்களை ஆர்க்டிக்கில் இறங்கி மேய்வதிலேயே செலவிட்டுவிடுகின்றன. விளைவு, குஞ்சுகள் பொரியும்போது புல் முற்றத் தொடங்கியிருக்கும். இப்படிப்பட்ட ஆண்டுகளில் குறைவான குஞ்சுகளே பிழைக்கின்றன என்கிறது அந்த ஆய்வு.

கனடாவிலும் இதே கதை. நூனவுட் பகுதியின் பைலட் தீவில் பனி வாத்துகளைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்துவரும் ஆய்வாளர்கள், புல்லின் உச்சத் தரத்துக்குப் பிந்திப் பொரிந்த குஞ்சுகள் எடை குறைவாக இருப்பதை 2015-ல் பதிவு செய்தனர். எடை குறைந்த குஞ்சு தன் முதல் இலையுதிர்காலப் பயணத்தைத் தாண்டுவது கஷ்டம்.

முன்னாடியே கிளம்பினால் என்ன?

கிளம்பலாம். ஆனால், 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் பனி உருகிவிட்டதா என்று நெதர்லாந்தில் மேய்ந்துகொண்டிருக்கும் வாத்துக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து கிளம்புவதைப் பெருமளவு முடிவு செய்வது பகல் நேரத்தின் நீளம். அது பருவநிலை மாறினாலும் மாறாத கடிகாரம். வடக்கே நெருங்க நெருங்கத்தான் இந்த ஆண்டு வசந்தம் முந்திவிட்டது என்பது புரியும், அப்போதுதான் வேகமெடுக்கின்றன.

அப்படியானால் இவை அழிந்துவிடுமா?

இப்போதைக்கு அந்த ஆபத்து தெரியவில்லை. 1950-களில் சில பத்தாயிரமாகச் சுருங்கியிருந்த ரஷ்யப் பார்னக்கிள் வாத்துகள் இன்று 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன. வேட்டைக் கட்டுப்பாடுகளும், ஐரோப்பிய விவசாயிகள் உரம் போட்டு வளர்க்கும் புல்வெளிகளும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால், மொத்த எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது, கீழே ஒவ்வோர் ஆண்டும் எத்தனை குஞ்சுகள் தேறுகின்றன என்பது கண்ணில் படாது. வாத்துகள் பல ஆண்டுகள் வாழ்பவை. குஞ்சுகள் குறைந்தால் அது எண்ணிக்கையில் தெரியவே நாளாகும்.

நேரம் ஒத்துவரவில்லை என்றால்?

இடத்தை மாற்றிக்கொள்ளலாம். சில வாத்துகள் அதைத்தான் செய்கின்றன. 1971-ல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவிலும், 1980-களில் நெதர்லாந்திலும் பார்னக்கிள் வாத்துகள் கூடு கட்டத் தொடங்கின. ஆர்க்டிக் பயணமே வேண்டாம் என்று விட்டுவிட்டவை இவை.

இன்னொரு வகையான இளஞ்சிவப்புக் கால் வாத்து நேர்மாறாகச் செய்தது. நார்வேயின் ஸ்வால்பார்டில் முட்டையிட்டுவந்த கூட்டத்தில் ஒரு பகுதி, சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் நோவயா ஸெம்லியாவில் புதுக் குடியிருப்பு அமைத்திருப்பது 2023-ல் வெளிவந்தது. அங்கே இப்போது 3,000 முதல் 4,000 வாத்துகள். வெறும் 10-15 ஆண்டுகளில் உருவான புது வழித்தடம் இது. வாத்துகள் வழியைக் கூட்டாளிகளைப் பார்த்துக் கற்பவை என்பதால், சில பறவைகள் கண்டுபிடித்த பாதை வேகமாகப் பரவிவிடுகிறது.

நமக்கு என்ன சம்பந்தம்?

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் ஆர்க்டிக் பறவைகள் அல்ல. இமயமலையைத் தாண்டி, மத்திய ஆசிய உயர்நிலங்களில் முட்டையிடுபவை. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: ஓரிடத்தில் தின்று, வழியில் இளைப்பாறி, வேறிடத்தில் சரியான வாரத்தில் முட்டையிட வேண்டும்.

அதனால், கூடு இருக்கும் இடத்துக்கு மட்டும் வேலி போட்டால் போதாது. வழியில் இறங்கித் தின்னும் குளமும் புல்வெளியும் பத்திரமாக இருக்க வேண்டும். நேற்று வரைபடத்தில் குறித்த சரணாலயத்தைவிட்டு நாளை பறவைகள் இடம் மாறலாம். பாதுகாப்பும் கூடவே நகர வேண்டும்.