எழுவாய் இல்லாத ஆட்சி

பள்ளிகளின் விவாத மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் தலைப்பு ஒன்று உண்டு: 'மக்களாட்சி சிறந்ததா, சர்வாதிகாரம் சிறந்ததா?' ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இரு அணிகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஓர் அணி சுதந்திரம், சமத்துவம், வாக்குரிமை என்று அடுக்குகிறது. எதிரணி லீ குவான் யூவையும் சிங்கப்பூரின் தூய தெருக்களையும் முன்னிறுத்துகிறது. கணீர்க் குரலுக்கும் தடுமாறாத நாவுக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. மணி அடித்ததும் எல்லோரும் முன்பு நம்பியதையே நம்பியபடி வீடு திரும்புகிறார்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளை மக்களாட்சிக்கு எதிராகப் பேசுவதில் பிழையில்லை, பேசத்தான் வேண்டும். எதிர்வாதத்தைக் கேளாத நம்பிக்கை முதல் சோதனையிலேயே உடைந்துவிடும். பிழை தலைப்பில் இருக்கிறது. 'சர்வாதிகாரம்' என்பது தமிழில் ஏற்கெனவே வசைச்சொல். 'நல்லாட்சி' ஏற்கெனவே பாராட்டு. தீர்ப்பைத் தன்னுள்ளே சுமந்திருக்கும் சொற்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு விவாதம் என்பது வீண். பெயர்ப்பலகையை வைத்து ஆட்சிகளைத் தரம் பிரிக்கவும் இயலாது. வடகொரியாவின் அதிகாரப்பூர்வப் பெயரில் 'சனநாயகம்', 'மக்கள்', 'குடியரசு' ஆகிய மூன்றும் உள்ளன. பிரிட்டனோ இன்றுவரை முடியாட்சி. சிங்கப்பூரைச் சான்றாகக் காட்டும் மாணவர், 1962 முதல் பெரும்பாலான காலம் ராணுவத்தின் பிடியில் இருந்த மியான்மரையும் அதே பட்டியலில் சேர்க்கக் கடமைப்பட்டவர். வென்ற ஒருவரை மட்டும் காட்டிவிட்டுத் தோற்ற பலரை மறைப்பது வாதமாகாது.

எனில் எங்கிருந்து தொடங்குவது? கிழக்கு பெங்களூரின் ஜீவனஹள்ளியில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வீட்டில் தமிழ், பலகையில் கன்னடம், அடுத்த வீட்டில் உருது, பள்ளியில் ஆங்கிலம் என்று வாழும் பகுதி அது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோது, பழைய தமிழர்கள் 'தண்டு' என்றழைத்த கண்டோன்மெண்ட் பகுதியைப் பிரிட்டிஷார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஜீவனஹள்ளியை ஒட்டிய காக்ஸ் டவுன் அந்தத் தண்டைச் சேர்ந்தது. ஒரே ஊரின் ஒரு பாதியில் அரசரின் ஆட்சி. மறுபாதியில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நிர்வாகம். அதே 1881இல் திவான் ரங்காசார்லு மைசூரில் பிரஜாப் பிரதிநிதி சபையைத் தொடங்கினார். அச்சபை குறைகளை எடுத்துரைக்கலாம். சட்டம் இயற்ற இயலாது. தண்டுப் பகுதி 1947 ஜூலையில்தான் மைசூரிடம் திரும்பியது. நகரின் இரு பாதிகளும் 1949இல் ஒரே மாநகராட்சி ஆயின.

இவ்விரண்டில் எது மேல் என்று மாணவரிடம் கேட்பதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உள்ளது. அங்கே வாழ்ந்த ஒரு சாமானியர், தம்மை ஆண்டவரை எந்த வழியில் பதவியிலிருந்து இறக்கியிருக்க முடியும்? இரு பாதிகளிலும் விடை ஒன்றுதான்: எந்த வழியிலும் முடியாது. மனுக் கொடுக்கும் உரிமைக்கும் நீக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள தூரம் இங்கே கண்முன் வந்து நிற்கும்.

இப்போது நிகழ்காலத்துக்கு வரலாம். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடைபெறாமல், அரசு நியமித்த நிர்வாகியின் கீழ் நகரம் இயங்கியது. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபோதும் ஐந்தில் ஒன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. இது முதன்முறையும் அன்று. 2006 இறுதியிலிருந்து 2010 வரையும் இப்படியே கழிந்தது. மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243யு பிரிவு. 2020இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 2025இல் பதினைந்து. விவரம் தெரிந்த நாள் முதல் அப்பிள்ளை பதவியிலிருக்கும் ஒரு கார்ப்பரேட்டரைக் கண்டதில்லை. உள்ளாட்சி அதற்குப் பாடநூலில் வரும் சொல் மட்டுமே.

'அதனால் என்ன? கார்ப்பரேட்டர்கள் ஒப்பந்தங்களில் பங்கு பார்த்தவர்கள்தாமே. படித்த அதிகாரிகள் ஆண்டால் நல்லதுதானே' என்று அப்பிள்ளை கேட்கலாம். அதை அடக்கக் கூடாது. தெருவில் பலரும் சொல்லும் வாதம் அது, வலுவுள்ள வாதமும்கூட. அதிகாரி வாக்குக்காக எவரையும் அண்டி நிற்க வேண்டியதில்லை. தேர்வெழுதித் தகுதியால் வந்தவர். இந்த வாதத்தை முழு வலிமையோடு பேசவைத்த பிறகே ஆசிரியர் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அந்தப் படியை மொழியே அமைத்துத் தருகிறது. நிர்வாகத்தின் அறிவிப்புகளைக் கவனித்தால் ஓர் இலக்கண ஒற்றுமை தெரியும்: 'வரி உயர்த்தப்பட்டது', 'எல்லை மாற்றியமைக்கப்பட்டது', 'ஒப்பந்தம் வழங்கப்பட்டது'. அனைத்தும் செயப்பாட்டுவினை. செயல் இருக்கிறது, செய்தவர் இல்லை. மாணவர்களுக்கு இத்தகைய பத்து வாக்கியங்களைக் கொடுத்துச் செய்வினையாக மாற்றச் சொல்லலாம். யார் உயர்த்தினார்? அவரை நேரில் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? விடை தவறாயிருந்தால் அவரை நீக்குவது யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதத் தொடங்கும்போது 'படித்த அதிகாரி' வாதம் தன் விலையைத் தானே காட்டும். குப்பை ஒரு வாரம் அள்ளப்படாமல் கிடந்தால் அதிகாரிக்குக் கிடைக்கக்கூடியது இடமாற்றம். அதையும் தெருவில் வாழ்பவர் தரமுடியாது.

இதே கேள்விகளைத் தமிழர் பெருமையோடு சொல்லும் இடத்திலும் கேட்க வேண்டும். முதலாம் பராந்தகனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. ஆனால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. யார் பங்கேற்கலாம் என்ற கேள்வியில் தோற்று, யார் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கேள்வியில் வென்று நிற்கும் முறை அது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த மாணவர் பட்டிமன்றப் பேச்சாளரைவிட வெகுதூரம் முன்னே சென்றுவிட்டார்.

இவ்வகை விவாதத்துக்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்மொழிந்த அம்பேத்கர், அமெரிக்க முறை நிலைத்தன்மையையும் பிரிட்டிஷ் முறை பொறுப்புடைமையையும் கூடுதலாகத் தருவதாகவும், இரண்டையும் சம அளவில் தரும் முறை இன்னும் வாய்க்கவில்லை என்றும் விளக்கினார். தாம் பரிந்துரைத்த நாடாளுமன்ற முறையின் குறையை அவரே சபையில் ஒப்புக்கொண்டார். அந்தக் குறையை ஏற்று, அன்றாடம் கேள்விக்கு உள்ளாகும் ஆட்சியைத் தேர்ந்தார். தன் தரப்பின் விலையைச் சொல்லிவிட்டு அதைத் தேர்வது ஒரு துணிவு. அதற்கும் மதிப்பெண் தரும் நடுவர்கள் நம் பள்ளிகளுக்கு வேண்டும்.

வகுப்பறையில் அரசியல் நுழைந்துவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவது இயல்பு. மேற்சொன்ன மூன்று கேள்விகளிலும் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் அவை பொருந்தும். அஞ்சவேண்டியது வேறொன்று. ஜீவனஹள்ளியின் இன்றைய பதினைந்து வயதினர் மூன்றாண்டுகளில் வாக்காளர் ஆவார்கள். தங்கள் தெருவை ஆள்பவர் யாரென்று கேட்டுப் பழகாமலே அவர்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தால், நிர்வாகி ஆட்சி இயல்பானதாகவும் தேர்தல் வீண்செலவாகவும் அவர்களுக்குத் தோன்றும். அப்போது அந்த வாக்கியத்துக்கு எழுவாய் தேட யார் இருப்பார்கள்?