மழை ஓதத்துக்கு அட்வான்ஸில் கைவைக்கலாமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கி நாலு நாள் ஆகியிருக்கும். படுக்கையறை சீலிங்கில் தட்டு அளவுக்கு ஒரு கறை தெரியும். ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டால், "மழைன்னா கொஞ்சம் ஓதம் இருக்கத்தான் செய்யும் தம்பி, வெயில் அடிச்சா காஞ்சிடும்" என்பார். காய்ந்தும் விடும். ஆனால், ஏப்ரலில் வீட்டைக் காலி செய்யும்போது அதே கறையைக் காட்டி, "வீட்டை இப்படிப் பாழாக்கி வெச்சிருக்கீங்களே" என்று அட்வான்ஸில் இருபதாயிரத்தைக் கழிப்பார். சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இந்தக் கழிவு நியாயமானதல்ல. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. கட்டடம் சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது எல்லாம் ஓனர் கணக்கு. குழாய் வாஷர், டிரெய்ன் அடைப்பு, வாஷ் பேசின், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் கணக்கு.

ஆக, கறை எந்தச் சுவரில் இருக்கிறது என்பது முக்கியமல்ல. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மொட்டைமாடித் தளத்தில் விரிசல், சுவருக்குள் ஓடும் பைப்பில் ஓட்டை என்றால் ஓனர் பொறுப்பு. வாஷிங் மெஷின் ஹோஸ் கழன்று ஹால் முழுக்கத் தண்ணீர் தேங்கி, ஓனர் போட்டுக் கொடுத்த மர அலமாரி ஊறிப்போனால், அந்தச் செலவைக் குடியிருப்பவர்தான் ஏற்க வேண்டும். அதில் வழக்கு பேசுவதில் அர்த்தமில்லை.

சிக்கலே மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து ஒழுகும்போதுதான். "நீங்களே மேல பேசிக்குங்க" என்று ஓனர் நழுவுவது நம்மூர் அப்பார்ட்மென்ட்களில் சர்வ சாதாரணம். மேல் வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அசோசியேஷன் கூட்டத்தில் வாடகைதாரர் எழுந்து பேசினால், "ஓனரை வரச் சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். எனவே, மேல் வீட்டு உரிமையாளருடனும் அசோசியேஷனுடனும் பேசித் தீர்க்க வேண்டியவர் வீட்டின் சொந்தக்காரரே. வாடகை வாங்குவது அவர்தானே?

அதற்காகக் குடியிருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சேதத்தைக் கண்டதும் ஓனருக்குத் தெரிவிப்பது அவரது சட்டப்பூர்வக் கடமை. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, பூச்சு உதிர்ந்து விழும்போது சொன்னால் ஓனர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. போனில் சொன்னால் மட்டும் போதாது. தேதியோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாவி வாங்கிய அன்றே சீலிங், பாத்ரூம் சுவர், சிங்க் அடியில் எல்லாம் ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

சொல்லியும் ஓனர் அசையவில்லை என்றால்? அவர் செய்ய வேண்டிய வேலையை வாடகைதாரரே செய்து, செலவை வாடகையில் கழிக்க சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. "அப்போ காலி பண்ணிடுங்க" என்ற பதிலுக்குப் பயந்து பலரும் இதைத் தொடுவதில்லை என்பதும் உண்மை.

2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் போல வெள்ளமே வீட்டுக்குள் வந்தால் அது யார் தவறும் இல்லை. சுவரும் தரையும் ஓனருடையது, நனைந்த ஃபிரிட்ஜும் லேப்டாப்பும் உங்களுடையது. வீட்டுப் பொருள்களுக்கான இன்சூரன்ஸை வாடகைதாரரும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன், 'எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவும் செய்யுங்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே வாதாடுவது கடினம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் அது போக, அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். கழித்த தொகைக்கு பில் கேளுங்கள். பெரும்பாலும் பில் இருக்காது. ஏனென்றால் மாடித் தளத்தை யாரும் சரிசெய்திருக்க மாட்டார்கள். கறை மேல் ஒரு கோட் பெயின்ட் அடித்து, அடுத்த குடித்தனத்துக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.