வாடைக் காற்றும் வைப்புப் பணமும்

முதியோர் இருவர் சந்தித்தால் காற்றையும் மழையையும் பற்றியே பேசுவர் என்று இளைஞர் நகையாடுவதுண்டு. அண்மைக் காலத்தில் அப்பேச்சுடன் இன்னொன்றுஞ் சேர்ந்துகொண்டது. அது பணத்தின் பேச்சு. வைப்புக்கு எத்தனை வீதம் வட்டி, பங்குச் சுட்டெண் ஏறிற்றா, யூனிட் டிரஸ்டில் இடலாமா என்னும் வினாக்கள் கண்டக்குழிக் கரையிலும் மாலை வேளைகளில் எழுகின்றன. இதனை நான் இழிவாகக் கருதவில்லை. உழைத்து ஓய்ந்தவர் தம் முதலைப் பற்றித் தம்முள் கலந்து பேசுதல் நன்றே. ஆயின், காற்றைப் பற்றிப் பேசுங்கால் அடக்கமாகப் பேசுகின்றவரே பணத்தைப் பற்றிப் பேசுங்கால் சோதிடராகிவிடுகின்றனர். என் மனத்தை உறுத்துவது அதுவே.

கண்டக்குழி கற்பிட்டித் தீபகற்பத்தில் உள்ளது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு. இலக்கணநூலார் கூதிர், முன்பனி, பின்பனி என வகுத்த பருவங்கள் இங்கே உறைபனி கொண்டு வருவனவல்ல. வாடையும் கொண்டலும் வீசும் அம்மாதங்களில் எங்கள் மேலைக் கடல் அமைதியுறும், மீன்பிடி சிறக்கும். வைகாசி தொடங்கிக் கச்சான் எழுந்தால் கடல் பொங்கும். அக்காலத்தில் இக்கரையார் பலர் கீழைக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். களப்போரத்து உப்பளத்தாருக்கோ மழையே பகை. காலந்தவறிப் பெய்த மழையால் உப்பு விளைச்சல் குன்றி, 2025 இல் இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பு வாங்க நேர்ந்ததை யாவரும் அறிவர். ஆகவே எம்மவர்க்கு வானிலைப் பேச்சு வீண் பேச்சன்று. அதுவே வரவு செலவுப் பேச்சு.

முதிய சம்மாட்டியார் ஒருவர் என்னிடம் கூறினார்: “மாஸ்டர், கச்சான் எந்த மாதம் விடும் என்று கேளுங்கள், சொல்லுவேன். எந்த நாள் விடும் என்று கேட்டால் சொல்லமாட்டேன்.” ஐம்பதாண்டு கடலோடியவர் அவர். பங்குச் சந்தையை ஐந்து மாதம் பார்த்தவரோ அடுத்த கிழமை நடக்கப்போவதையே சொல்லிவிடுகின்றார்!

வானிலைக்கும் சந்தைக்கும் தொடர்புண்டு என்று மேலைநாட்டார் ஆராய்ந்ததும் உண்டு. ஹிர்ஷ்லைஃபர், ஷம்வே என்னும் இருவர் 26 நாடுகளின் பங்குச் சந்தைகளை 1982 முதல் 1997 வரை ஆய்ந்து, 2003 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெயில் ஒளிரும் காலையில் பங்கு விலை சற்று ஏறும் என்பது அவர் முடிபு. ஆயின் அதனை நம்பி வாங்கி விற்பவனுக்குத் தரகுச் செலவே ஊதியத்தை விழுங்கிவிடும் என்றும் அவரே கூறினர். அதே ஆண்டில் கம்ஸ்திரா முதலிய மூவர், குளிர்நாட்டில் பகற்பொழுது குறுகுங்கால் மக்கள் மனஞ் சோர்வர், அச்சோர்வு சந்தையிலும் தோன்றும் என்றனர். இருக்கலாம். எங்கள் கரையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அந்தச் சோர்வை நாம் இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

நம் நாட்டில் வீசிய புயல் வேறு. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. வங்கியிலே பணத்தை இட்டு, முதல் குறையவில்லை என்று மகிழ்ந்திருந்தவர், அம்முதலால் வாங்கக்கூடிய அரிசி குறைந்தது கண்டு திகைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தையுந் தாண்டியது. பின்னர் படிப்படியாக வீழ்ந்து 2025 இல் எட்டு வீதத்திற்குங் கீழே வந்தது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியின் முறிகளும் 2023 இல் நாட்டின் கடன் மறுசீரமைப்புக்கு உட்பட்டன. பங்குச் சுட்டெண்ணோ 2022 இன் வீழ்ச்சிக்குப் பின் எழுந்து 2025 இல் 20,000 ஐக் கடந்தது. வட்டி சுருங்கியது, சந்தை உயர்ந்தது. இனி வைப்பை எடுத்து அங்கே இடுவோம் என்ற பேச்சு எழாமல் என்செய்யும்?

பங்கு என்பது நம்மவர்க்குப் புதிய சொல்லன்று. வள்ளத்துக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்று மணலிலே மீனைப் பிரித்தவர் நாம். மீன் படாத நாளில் பங்கும் இல்லை என்பதை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. பலருடைய பணத்தை ஒன்று திரட்டிப் பல கம்பனிகளிற் சிறிது சிறிதாக இடும் நிதியம் தன்னளவில் தீயதன்று. அமெரிக்காவில் ஜோன் போகிள் 1976 இல் பொதுமக்களுக்கெனத் தொடங்கிய சுட்டெண் நிதியம், எவன் வெல்வான் என்று ஊகியாமல் யாவற்றையும் வாங்கிப் பொறுத்திரு என்னும் எளிய கருத்தின்மேல் எழுந்தது. அடக்கமுடைய கருத்து, சம்மாட்டியாரும் ஒப்புவார்.

ஆயின், பொறுத்திருக்க ஆயுள் வேண்டும். நாற்பது வயதினன் ஒரு தீய பருவத்தைக் கழித்து மறு பருவத்தைக் காண்பான். மாதந்தோறும் மருந்து வாங்கும் எழுபது வயதினருக்கு அந்த அவகாசம் இல்லை. கச்சான் ஆண்டுதோறும் வந்து ஆண்டுதோறும் போகும். சந்தையின் கச்சானுக்குப் பஞ்சாங்கம் கிடையாது. அடுப்புக்கும் மருந்துக்கும் வேண்டிய பணத்தைப் பங்கில் இடுதல் தகாது என்பதே என் துணிபு. சில ஆண்டு தொடாதிருக்கக் கூடியது எதுவோ, அதில் ஒரு பகுதியை இடுவோர் இடுக. முழுதையும் பெட்டியிற் பூட்டுதலும் காவலன்று என்பதை 2022 காட்டியது.

இன்னுஞ் சில ஆண்டில் நானும் ஓய்வு பெறுவேன். ஆதலால் இவ்விடயத்தில் எனக்கு அக்கறை மிகுதி. நண்பர்கள் காட்டும் தாள்களைப் படித்துப் பார்க்கின்றேன். என் கண்ணிற் பட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ‘முன்னைய இலாபம் வருங்காலத்திற்கு உறுதியன்று’ என்னும் பொருள்பட்ட வரி எறும்பு எழுத்தில் அடியிலே கிடக்கின்றது. ஆங்கிலம் அறிந்த ஒருவர் படித்துச் சொல்ல, ஏனையோர் தலையசைத்துக் கையெழுத்திடுகின்றனர். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலே எழுதப்பட்டது; தாள் தமிழில் வேண்டும் என்று கேட்க நாம் ஏன் கூசவேண்டும்? கேளுங்கள், வரும்வரை கையெழுத்திடாதீர்கள். வந்தபின் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றையோர் வரிவரியாக வினவுக.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரஸ்ட் என்பதைச் சட்டத்தமிழில் நம்பிக்கைப் பொறுப்பு என்பர். பேச்சிலே பொறுப்பு உதிர்ந்து நம்பிக்கை மட்டும் எஞ்சிவிடுகின்றது, கேட்பவரும் நம்பிவிடுகின்றார். யூனிட்டை அலகு என்றாலோ எங்கள் ஊர்ச் சிறுவர் கொக்கின் மூக்கை நினைக்கின்றனர். ‘கூட்டுப் பங்கு நிதி’ என்று சொல்லிப் பார்த்தேன். சம்மாட்டியாருக்கு உடனே விளங்கிற்று. இதனினும் பொருத்தமான சொல் அறிந்த ஆசிரியரும் மாணவரும் இப்பகுதிக்கு எழுதியனுப்புக.