விரலுக்கு உரியவரே வழக்கிடுதல் வேண்டும்

கடவுச்சொல் களவுபோயின் வேறொன்றை அமைத்துக்கொள்ளலாம். விரல்வரியும் முகவமைப்பும் களவுபோயின், மாற்று விரலையும் மாற்று முகத்தையும் எவரிடம் சென்று பெறுவது? இக் கேள்விக்கு அமெரிக்காவில் சட்டத்தால் விடை கண்டது வாசிங்டனில் வீற்றிருக்கும் நடுவண் அரசன்று. இல்லினாய்சு என்னும் மாநிலமே.

மாநிலங்கள் முந்திக்கொண்டது அதுவே முதன்முறையும் அன்று. மக்களின் தரவு களவுபோயின், அதனை வைத்திருந்த நிறுவனம் உரியவர்க்கு அறிவித்தே ஆகவேண்டும் என்னுஞ் சட்டத்தைக் கலிபோர்னியா 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஈராண்டு சென்றபின், மக்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி விற்றுவந்த சாய்சுபாயிண்டு என்னும் நிறுவனத்திடமிருந்து, வணிகர்போல் வேடமிட்ட கள்வர்கள் தரவுகளைப் பெற்றுச்சென்றமை வெளிப்பட்டது. அந் நிறுவனம் யார்க்கு மடல் எழுதிற்று? கலிபோர்னியர் ஏறத்தாழ 35,000 பேர்க்கு மட்டும்! ஏனைய மாநிலத்தாரின் தரவும் பறிபோயிருந்தது. ஆனால், அவர்க்கு அறிவிக்குமாறு கட்டளையிடும் சட்டம் அங்கெல்லாம் இல்லை. பிற மாநிலங்கள் கொதித்தெழுந்த பின்னரே அவர்க்கும் மடல் சென்றது. பறிகொடுத்தோர் 1,63,000க்கும் மேற்பட்டோர் எனப் பின்னர்த் தெரியவந்தது. 2018ஆம் ஆண்டிற்குள் 50 மாநிலங்களும் அத்தகு சட்டத்தை இயற்றிக்கொண்டன. ஒரு மாநிலத்தின் சட்டம் இல்லையேல், வணிகனின் வாய் திறந்திருக்குமா?

இல்லினாய்சுக்கு வருவோம். விரல்வரியால் பணஞ் செலுத்தும் முறையை நடத்திய நிறுவனம் ஒன்று 2007இல் நொடித்துப்போகவே, அதனிடம் குவிந்திருந்த விரல்வரிகளின் கதி என்னாகுமோ என்னும் அச்சம் எழுந்தது. அதன் விளைவே 2008ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தால் ஒப்புதல் பெறாமல் எந்நிறுவனமும் விரல்வரியையோ முகவமைப்பையோ பதிவுசெய்தல் கூடாது. மீறின், உரியவர் தாமே வழக்கிட்டுக் கவனக்குறைவுக்கு 1,000 தாலரும் வேண்டுமென்றே செய்த தவற்றுக்கு 5,000 தாலரும் பெறலாம். அச் சட்டத்தின் உயிர்நிலை இதுவே. கேளிக்கைப் பூங்கா ஒன்று 14 அகவைச் சிறுவனின் பெருவிரல் வரியைப் பதிவுசெய்த வழக்கில், வேறு இழப்பு நேர்ந்ததென மெய்ப்பிக்க வேண்டா, உரிமை மீறப்பட்டமையே போதுமென 2019இல் அம் மாநிலத்தின் உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. முகநூல் நிறுவனம் 65 கோடி தாலர் தர ஒப்பியதும் இச் சட்டத்தாலேயே; அதிற் பெரும்பகுதி முறையிட்ட மக்கட்கே பகிர்ந்தளிக்கப் பெற்றது. 2021ஆம் ஆண்டிறுதியில் முகமறியும் அமைப்பையே நிறுத்துவதாக அந் நிறுவனம் அறிவித்தது.

தெக்சாசு மாநிலத்திலும் இத்தகு சட்டம் உண்டு. ஆயின், அங்கு வழக்கிடும் உரிமை அரசின் தலைமை வழக்குரைஞர் ஒருவர்க்கே. 2024இல் அவர் அதே நிறுவனத்திடமிருந்து 140 கோடி தாலர் பெற ஒப்பந்தஞ் செய்தார். தொகை பெரிதே, ஆனால், அது சேர்வது மாநிலக் கருவூலத்தில். முகத்தைப் பறிகொடுத்தவன் வெறுங்கையன்!

ஐம்பது மாநிலங்கட்கு ஐம்பது சட்டமா, எவ்வாறு தொழில் நடத்துவது என வணிகர் புலம்புகின்றனர். ஐம்பது மாநிலத்தும் பொருள் விற்கத் தெரிந்தவர்க்குச் சட்டத்தைப் படிக்க மட்டும் இயலாதாம்! இப் புலம்பலுக்குச் செவிசாய்த்து 2022இல் கொணரப்பட்ட நடுவண் முன்வரைவு, இல்லினாய்சின் சட்டத்தை விட்டுவைத்தாலும், மாநிலங்களின் பொதுவான தரவுக்காப்புச் சட்டங்களிற் பெரும்பாலானவற்றை மேவிநிற்க முற்பட்டது. குழுவில் 53க்கு 2 என வென்றும், கலிபோர்னியாவின் எதிர்ப்புக்கிடையே அது முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. 2024இல் வந்த முன்வரைவும் நிறைவேறவில்லை. குறைந்த அளவுக் காப்பை நடுவணரசு வகுக்கட்டும். அதனினும் மிகுந்த காப்பை மாநிலம் தன் மக்கட்கு அளிப்பதை ஏன் தடுத்தல் வேண்டும்? 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நோயாளர் தரவு விதிகள் மாநிலங்களின் கடுமையான சட்டங்களை விட்டுவைத்தனவே, மருத்துவமனைகள் மூடிப்போயினவா?

எனினும், மாநிலங்கள்மீதும் குறையுண்டு. ஏறத்தாழ 20 மாநிலங்கள் பொதுவான தரவுக்காப்புச் சட்டம் இயற்றியும், மக்களே நேரில் வழக்கிடும் உரிமையை வழங்க அவை அஞ்சுகின்றன. முன்னோடியான கலிபோர்னியாவே, தரவு களவுபோனவிடத்து மட்டுந்தான் அவ் வாயிலைத் திறந்து வைத்துள்ளது.