பிபி மாத்திரை போட்டாச்சு... தூக்கம் வந்ததா?

“அப்பா, பிபி மாத்திரை போட்டாச்சா?” “போட்டாச்சுப்பா.” வெளியூரில் வேலை பார்க்கும் பலர் வீட்டுக்குப் பேசும் போன், பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. இரவு 2 மணிக்கே விழித்து, விடியும்வரை புரண்டு படுத்ததை அப்பா சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை. ஆனால், பிபிக்கும் அந்த இரவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

எப்படி?

நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை குறையும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அது. இரவிலும் அழுத்தம் இறங்காவிட்டால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடும். இதய நலனுக்கான அம்சங்களின் பட்டியலில் அமெரிக்க இதய சங்கம் 2022-ல் தூக்கத்தையும் சேர்த்தது இதனால்தான்.

மனசுக்கு என்ன வேலை?

துணையை இழந்த துக்கம், தனிமை, பணக் கவலை எல்லாம் அட்ரினலின், கார்டிசால் ஹார்மோன்களைத் தூண்டும். இதயம் வேகமாகத் துடிக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கும். கவலை தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை கவலையைக் கூட்டும். மனம் சோர்ந்தவர்கள் மாத்திரையையும் அடிக்கடி மறந்துவிடுவார்கள்.

“வயசானா தூக்கம் வராதுதான்” என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. வயதானால் தூக்கம் லேசாகும். தேவை பெரிதாகக் குறைவதில்லை. சத்தமான குறட்டையோடு இடையிடையே மூச்சுத் திணறினால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். மாத்திரைக்கு அடங்காத பிபிக்கு அது முக்கியக் காரணம். சிறுநீரை அதிகரிக்கும் பிபி மாத்திரையை மாலையில் போட்டாலும் இரவில் பலமுறை எழ வேண்டிவரும். நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்துவதோ, மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதோ கூடாது. முதியவர்கள் நிலைதடுமாறி விழ அது வழிவகுக்கும்.

மாத்திரை அவசியம்தான். ஆனால், சீட்டில் 150/90 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அடுத்த செக்கப்பில் தூக்கத்தையும் மனநிலையையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்களும் உண்டு.

இன்று போன் பேசும்போது இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: “நேத்து நல்லா தூங்குனீங்களா அப்பா?” பதில் வர கொஞ்சம் நேரமாகலாம். அதுவரை போனை வைக்காமல் இருந்தாலே போதும்.